ஆமிஷ் மேசை, நாற்காலி, டிராயர்: இணைப்பு எப்படிப் போடுகிறார்கள், எங்கே பிசகுகிறது?

மரநார்:
ஆமிஷ் என்பவர்கள் அமெரிக்காவில் நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவச் சமூகத்தினர். அவர்கள் செய்யும் மரச்சாமான்களைப் பற்றி எங்கே தேடினாலும் "ஓர் ஆணிகூடக் கிடையாது, மின்சாரம் கிடையாது, முழுக்கக் கைவேலை" என்பதற்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை. எனக்கு வேண்டியது அளவுகள். 72 × 42 அங்குலத்தில் ஓக் மரத்தில் ஆறு பேர் உட்காரும் மேசை ஒன்று, நான்கு டிராயர் அலமாரி ஒன்று. மேசையில் சட்டம் காலோடு சேருமிடத்தில் என்ன இணைப்பு? மேல்பலகையின் இரு முனையிலும் குறுக்கே வரும் கட்டையை எப்படிப் பிடிக்க வைக்கிறார்கள்? டிராயரின் மூலையில் வரும் டவ்டெயில் (புறாவால் போல விரிந்த பற்கள் கோக்கும் இணைப்பு) எப்படி? தப்பு நடந்தால் ஏன் நடக்கிறது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓஹியோ செல்வி:
அந்த விளம்பர வாக்கியங்களை முதலில் சரிசெய்துவிடுகிறேன். ஓஹியோவின் ஹோம்ஸ் கவுன்டி, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், இந்தியானாவின் எல்கார்ட், லக்ராஞ்ச் பகுதிகளில் உள்ள பட்டறைகளில் இயந்திரம் உண்டு. பெரும்பாலான ஆமிஷ் சபைகள் பொது மின்கம்பியோடு இணைவதைத்தான் தவிர்க்கின்றன. அதற்குப் பதில் ஒரு டீசல் எஞ்சின் வைத்து, தரைக்கு அடியில் ஓடும் தண்டு, பெல்ட் வழியாக ரம்பத்தையும் இழைப்பு இயந்திரத்தையும் ஓட்டுவார்கள். இல்லையென்றால் எண்ணெய் அழுத்தம், காற்றழுத்தம். மணல்தாள் இயந்திரம், துளைக்கருவி எல்லாம் காற்றில் ஓடும். எது கூடும், எது கூடாது என்பதை "ஓர்ட்னுங்" என்ற சபை ஒழுங்கு தீர்மானிக்கிறது. அது சபைக்குச் சபை மாறும்.

அதனால் டிராயரில் பார்க்கும் டவ்டெயில் பெரும்பாலும் அச்சு வைத்து இயந்திரத்தில் வெட்டியதுதான். அது குறையல்ல. வேலைப் பிரிவினையும் உண்டு: ஒரு பட்டறை நாற்காலி மட்டும், இன்னொன்று மேசைக்கால் மட்டும், வேறொன்று வார்னிஷ் மட்டும்.

ஆணி இல்லை என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஹிக்கரிக் கம்பை ஆவியில் வளைத்துச் செய்யும் ஆடும் நாற்காலியில் வளைகம்புகளையும் பட்டைகளையும் ஆணியும் திருகாணியும்தான் பிடித்திருக்கின்றன. இணைப்பின் நேர்த்தியைப் பார்க்க மேசை, அலமாரி, கட்டில் பக்கம் வர வேண்டும்.

உளிமுனை:
மேசைக்காலிலிருந்து தொடங்குவோம். அளவை நூல் கணக்கில் சொல்கிறேன், அங்குலத்துக்கு 8 நூல். நம் தச்சர்கள் வாயில் வரும் அளவு அதுதான், அமெரிக்க அங்குலக் கணக்கோடும் அப்படியே ஒத்துப்போகும்.

சட்டம் 7 நூல் கனம், 4 அங்குல அகலம். இணைப்பு மார்ட்டிஸ்–டெனான்: சட்டத்தின் முனையில் சீவி விடும் நாக்கு டெனான், அது நுழையும் காலின் துளை மார்ட்டிஸ். நாக்கின் இரு அகல முகமும் கன்னம், நாக்கைச் சுற்றிக் காலில் முட்டும் விளிம்பு தோள். டெனான் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய இரண்டரை நூல். நீளம் ஒன்றரை அங்குலம். அகலத்தில் 4 அங்குலத்தையும் எடுக்கக் கூடாது. மேலே முக்கால் அங்குலம் விட்டு அங்கே குட்டையாக ஒரு படி மட்டும் வையுங்கள், கீழே கால் அங்குலத் தோள். நடுவில் நிற்பது 3 அங்குல டெனான். மேலே முழு அகலத்துக்கும் துளை போட்டால் காலின் உச்சியில் துளை திறந்து நிற்கும், அங்கே கால் பிளக்கும். அந்தப் படியே இல்லாமல் விட்டாலோ சட்டத்தின் மேல்விளிம்பு நாளடைவில் முறுக்கிக்கொள்ளும்.

துளையின் ஆழம் டெனானைவிட அரை நூல் கூட இருக்கட்டும். மிஞ்சும் பசை அங்கே போய் நிற்கும். அந்த இடம் இல்லாவிட்டால் தோள் முகத்தோடு ஒட்டி உட்காராது. அப்போது பலர் கிளாம்பை இன்னும் இறுக்குகிறார்கள். உள்ளே சிக்கிய பசைக்கு வெளியேற வழியில்லை, காலின் சுவர் விரிசல் விடும்.

பொருத்தம் சரியா என்று கையால்தான் பார்க்க வேண்டும். பசை போடாமல் உள்ளங்கையால் தள்ளினால் போக வேண்டும், கவிழ்த்துப் பிடித்தால் தானாக விழக் கூடாது. கொட்டாப்புளியால் அடித்துத்தான் போகிறது என்றால் கன்னத்தை இன்னும் ஒரு சீவல் எடுங்கள். ஈரப்பசை பட்டதும் மரம் உப்பும், பாதியில் மாட்டிக்கொள்ளும்.

சேலம் தேக்கு:
கால் 3 அங்குலம் என்றால் இரண்டு பக்கத்து டெனானும் உள்ளே இடிக்காதா அண்ணே?

உளிமுனை:
இடிக்காது தம்பி. சட்டத்தைக் காலின் வெளிமுகத்திலிருந்து கால் அங்குலம் உள்வாங்கி வைத்தால், 3 அங்குலக் காலில் ஒரு டெனானுக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் கிடைக்கும். ஒன்றரை அங்குலம் தாராளமாக உட்காரும். காலை இரண்டேகால் அங்குலத்துக்கு இளைத்தால்தான் இடிக்கும். அப்போது இரண்டு நுனியையும் 45 பாகையில் சாய்த்து வெட்டி, இடையில் அரை நூல் இடைவெளி விடுங்கள். நுனியும் நுனியும் முட்டக் கூடாது. முட்டினால் தோள் திறந்து நிற்கும், வெளியே கோடு தெரியும்.

குவார்ட்டர்சான்:
மரமுளை (இணைப்பைக் குறுக்கே துளைத்துப் பூட்டும் குச்சி) போடுவதாக இருந்தால் நேர்த்துளை வேண்டாம், இழுதுளை போடுங்கள். காலில் முதலில் துளை போடுங்கள், சட்டம் வந்து சேரும் முகத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி, கால் அங்குல விட்டம். டெனானை உள்ளே முழுக்க உட்கார வைத்து, துளைத்திருகின் முனையால் டெனானில் மையத்தைக் குறியுங்கள். டெனானை வெளியே எடுத்து, அந்த மையத்தைத் தோள் பக்கமாக அரை நூல் நகர்த்தித் துளையிடுங்கள். முளை உள்ளே போகும்போது டெனானை இழுத்துத் தோளை இறுக்கும். பசை விட்டுப்போனாலும் அந்த இறுக்கம் நிற்கும்.

எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டால் முளை இணைப்பைப் பிரித்துத் தள்ளும். குறித்ததும் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள், டெனான் கையில் திரும்பினால் திசை மறந்துபோகும். ஹார்டு மேப்பிள் போன்ற விறைப்பான மரத்தில் அரை நூலுக்கும் சற்றுக் குறைவாக வையுங்கள். வளைந்து கொடுக்காது, டெனானின் துளையோரம் பிய்ந்துவிடும்.

முளையை ரம்பத்தால் அறுத்து எடுக்காதீர்கள். ஒயிட் ஓக்கை நாரோடு பிளந்து எடுத்துச் சீவுங்கள். அறுத்த குச்சியில் நார் குறுக்கே ஓடிவிடும், வளையும் இடத்தில் உடையும். நுனியை நன்றாகக் கூராக்கினால்தான் விலகிய துளைக்குள் வழி கண்டுபிடித்துப் போகும்.

சேலம் தேக்கு:
இவ்வளவுக்கு ஏன்? இரண்டு டவல் குச்சி (இரு பக்கமும் துளையிட்டுச் செருகும் உருண்டை மரக்குச்சி) போட்டால் முடிந்துவிடுமே. நிறைய கம்பெனிச் சாமானில் அதுதானே இருக்கிறது.

உளிமுனை:
முடியும், சில வருடத்துக்கு. பசை பிடிப்பது நாரின் பக்கவாட்டு முகத்தில்தான், நார் முனையில் பிடிப்பு மிகக் குறைவு. காலில் போட்ட உருண்டைத் துளையின் சுவரில் பாதிக்கு மேல் நார் முனை. டெனானின் இரண்டு கன்னமும் நாரின் பக்கம், துளையின் இரண்டு நீளச் சுவரும் நாரின் பக்கம். 3 அங்குலம் × ஒன்றரை அங்குலம் × இரண்டு முகம், 9 சதுர அங்குலப் பிடிப்பு. இரண்டு குச்சியில் அதில் பாதிகூடத் தேறாது. தவிர, மரம் உலரும்போது உருண்டைத் துளை முட்டை வடிவாகும். குச்சியும் முட்டை வடிவாகும், ஆனால் வேறு திசையில்.

மேசையில் இது மெதுவாகத் தெரியும், நாற்காலியில் சீக்கிரம். ஒருவர் பின்னால் சாயும்போது முழுப் பளுவும் பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் ஓரிடத்தில் விழுகிறது. நல்ல ஆமிஷ் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்: அந்த மூலையில் டெனானும் இருக்கும், உள்ளே திருகாணி போட்ட மூலைக்கட்டையும் இருக்கும்.

மரநார்:
புரிகிறது. மேல்பலகை? 42 அங்குல அகலம், இரு முனையிலும் 4 அங்குலக் குறுக்குக்கட்டை. முழுக்கப் பசை போட்டு ஒட்டிவிடலாமா?

குவார்ட்டர்சான்:
கூடவே கூடாது. இந்த இழையில் ஒரே ஒரு பதிவைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

மரம் நீளத்தில் நகராது, அகலத்தில் நகரும். சாதா அறுப்பில் எடுத்த ரெட் ஓக், ஈரம் 1 சதவீதம் மாறினால் அகலத்தில் 0.00369 மடங்கு மாறும். ஓஹியோவில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது மேசையின் ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்கும், கோடையில் 10 தொடும். 42 × 0.00369 × 4 = 0.62 அங்குலம். அதாவது 5 நூல், ஏறக்குறைய 16 மி.மீ. குறுக்குக்கட்டையின் நார் மறுதிசையில் ஓடுவதால் அது அசையாது. இரண்டையும் முழுக்க ஒட்டினால், குளிரில் பலகை சுருங்க முயலும், கட்டை விடாது. பலகை நடுவில் முனையிலிருந்து பிளக்கும். "மரம் சரியில்லை" என்பார்கள். மரம் சரி, ஒட்டியது தப்பு.

வளையங்களுக்குக் குத்தாக அறுத்த குவார்ட்டர் சான் ரெட் ஓக்கில் இதே கணக்கு 0.00158. 42 அங்குலத்துக்கு 0.27 அங்குலம்தான். பாதிக்கும் குறைவு. மிஷன் பாணி (நேர்கோடுகளால் ஆன எளிய வடிவம்) ஆமிஷ் சாமான்களுக்குக் குவார்ட்டர் சான் ஒயிட் ஓக் எடுப்பதைப் பளபளக்கும் கதிர்ப்புள்ளிகளின் அழகுக்காக என்று மட்டும் நினைக்கிறார்கள். அசைவு குறைவு என்பதும் ஒரு காரணம்.

செய்முறை: பலகையின் முனையில் 3 நூல் கனத்தில் நாக்கு ஒன்று அகலம் முழுக்க, நீளம் அரை அங்குலம். அதிலிருந்து ஐந்து இடத்தில் 2 அங்குல நீள டெனான்கள். கட்டையில் அதற்கேற்ற காடியும் (நீண்ட பள்ளம்) ஐந்து துளைகளும். நடு டெனானுக்கு மட்டும் பசையும் வட்டத்துளை முளையும். மற்ற நான்குக்கும் பசை இல்லை, டெனானில் முளைத்துளை நீள்வட்டம். மையத்திலிருந்து 18 அங்குலத்தில் இருக்கும் கடைசி டெனானுக்குக் கணக்கு 18 × 0.00369 × 4 = 0.27. கால் அங்குல முளையோடு சேர்த்து நீள்துளை நாலரை நூல். கட்டையில் உள்ள மார்ட்டிஸையும் அதே அளவு அகலமாக்க வேண்டும். அதை மறந்துவிட்டு முளைத்துளையை மட்டும் நீட்டினால் டெனானின் ஓரம் மார்ட்டிஸ் சுவரில் இடித்து நிற்கும், நீட்டியதற்குப் பயனில்லை.

சேலம் தேக்கு:
நீள்துளையை முளைக்கு இரண்டு பக்கமும் சமமாகத்தானே எடுக்க வேண்டும்?

குவார்ட்டர்சான்:
நடு ஈரத்தில், 8 சதவீத அளவில் மேசையைக் கூட்டினால் சமமாக எடுக்கலாம். மரம் 6 சதவீதத்தில் காய்ந்து கிடக்கும்போது கூட்டினால், இனி அது விரிய மட்டுமே செய்யும். டெனான் வெளிப்பக்கம் நகரும், முளை நின்ற இடத்தில் நிற்கும். எனவே நீள்துளை டெனானில் மையத்தை நோக்கி நீள வேண்டும். கூட்டும் அன்று ஈரமானியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உளிமுனை:
மேல்பலகையைச் சட்டத்தோடு பிடிப்பதும் இதே விதிதான். திருகாணியை நேரே இறக்கக் கூடாது. சட்டத்தின் உள்முகத்தில் 2 நூல் அகலத்தில் காடி எடுத்து, எல் வடிவ மரக்கொக்கியின் நாக்கை அதில் நுழைத்து, கொக்கியைப் பலகையில் திருகுவார்கள். கொக்கியின் மேல்முகத்துக்கும் பலகைக்கும் நடுவே அரை நூல் இடைவெளி இருந்தால்தான் இழுத்துப் பிடிக்கும். நீளச் சட்டத்தில் நாக்கைக் காடியின் அடிவரை தள்ளிவிடாமல் இரண்டு மூன்று நூல் விட்டு வையுங்கள், பலகை அந்தத் திசையில்தான் நகரும்.

டிராயர் ராணி:
டிராயருக்கு வருகிறேன். கடையில் இரண்டு பெயர் சொல்வார்கள். இங்கிலீஷ் டவ்டெயில் என்பது எல்லோருக்கும் தெரிந்த புறாவால். ஃபிரெஞ்சு டவ்டெயில் என்பது முகப்பலகையின் பின்னால் மேலிருந்து கீழாக ஒரே காடி எடுத்து, பக்கப்பலகையை அதில் சறுக்கி இறக்குவது. முகப்பு இரு பக்கமும் வெளியே நீண்டு நிற்கும் டிராயருக்கு இது வசதி. காடியின் வெளிப்பக்கத்தில் முகப்பலகை குறைந்தது அரை அங்குலமாவது நீண்டு நிற்கட்டும், இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்பில் அந்தக் குட்டை நார் பிய்ந்துவிடும்.

இங்கிலீஷ் டவ்டெயில் அளவு: பக்கப்பலகை 5 நூல், முகப்பு 7 நூல். முகப்பில் 5 நூல் வெட்டி, வெளியே 2 நூல் மூடி விடுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் இணைப்பு தெரியாது. பக்கப்பலகையில் விரிந்து நிற்கும் பல் வால், முகப்பில் அந்த வால்களுக்கு இடையே நிற்கும் பல் பின் (pin). சாய்வு ஓக், செர்ரி, மேப்பிளுக்கு 1:8, பைன் போன்ற மென்மரத்துக்கு 1:6. சாய்வு அதற்கு மேல் போனால் வாலின் கூர்முனை உடையும், ரொம்பக் குறைந்தால் பிடிப்பு இருக்காது. மேலும் கீழும் முடிவது எப்போதும் முகப்பலகையின் அரைப்பின்னாக இருக்க வேண்டும், பாதிவாலாக அல்ல.

அடிப்பலகைக் காடியைக் கீழ்விளிம்பிலிருந்து 3 நூல் உயரத்தில் கால் அங்குல அகலம், கால் அங்குல ஆழத்தில் எடுப்பார்கள். அந்தக் காடி கடைசி வாலின் உடம்புக்குள் விழுகிறதா என்று வரையும்போதே பாருங்கள். பின்னில் விழுந்தால் டிராயரின் பக்கத்தில் சதுர ஓட்டை தெரியும். அதிகம் நடக்கும் தப்பு இதுதான்.

கைவேலையானால் முதலில் வாலை வெட்டி, அதையே அச்சாக வைத்து முகப்பில் கத்தியால் வரையுங்கள். பென்சில் கோட்டுக்குக் கனம் உண்டு, கத்திக் கோட்டுக்கு இல்லை. ரம்பம் கழிவுப் பக்கத்தில் ஓட வேண்டும், கோடு நிற்க வேண்டும். அடிக்கோட்டை உளியால் இரு முகத்திலிருந்தும் பாதிப் பாதியாக இறக்குங்கள். ஒரே பக்கத்திலிருந்து இறக்கினால் மறுமுகத்தில் நார் பிய்த்துக்கொண்டு வரும். பசையில்லாமல் முழுக்கப் பொருத்திப் பார்ப்பது ஒரே முறை. திரும்பத் திரும்பப் போட்டு எடுத்தால் ஓரம் நசுங்கித் தளர்ந்துவிடும்.

மரநார்:
கையால் வெட்டியதா, இயந்திரமா என்று எப்படித் தெரியும்?

டிராயர் ராணி:
அச்சில் வெட்டியதில் வாலும் பின்னும் ஏறக்குறைய சம அகலம், இடைவெளி நான்கு டிராயரிலும் ஒன்றுபோல. கைவேலையில் பின் ஒல்லியாக இருக்கும். ரௌட்டர் (அச்சோடு வெட்டும் இயந்திரம்) முனை உள்ளே போகுமளவு அகலம் அங்கே இருக்காது. அடிக்கோட்டில் வரைகருவி கீறிய தடமும் தெரியும். வலிமையில் பெரிய வித்தியாசம் இல்லை, சரியாகப் பொருந்தியிருந்தால் இரண்டும் நிற்கும்.

அதைவிட முக்கியமாக அடிப்பலகையைப் பாருங்கள். ஒட்டுப்பலகை என்றால் கவலையில்லை. கெட்டிமரம் என்றால் நார் இடமிருந்து வலமாக ஓட வேண்டும், பசை முன்காடியில் மட்டும், பின்பக்கம் நீள்துளையில் ஒரு திருகாணி. நார் முன்பின்னாக ஓடினால் மழைக்காலத்தில் அது உப்பி, பக்கப்பலகைகளை வெளியே தள்ளி டவ்டெயிலையே திறந்துவிடும்.

ஓஹியோ செல்வி:
அலமாரிக் கதவு, பக்கச் சட்டங்களைப் பற்றி ஒன்று. சட்டத்துக்குள் மிதக்கும் பலகைக்குப் பசை போடக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். அகலத்தில் பக்கத்துக்கு ஒரு நூல் குறைத்து வெட்டி, மேலும் கீழும் நடுவில் பின்னாலிருந்து சிற்றாணி ஒன்று போட்டால், பலகை இரு பக்கமும் சமமாக நகரும். பலருக்குத் தெரியாதது: நிறத்தைப் பலகைக்குக் கூட்டுவதற்கு முன்பே ஓரம்வரை பூசிவிட வேண்டும். கூட்டிய பிறகு பூசினால் முதல் குளிர்காலத்தில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்.

மிஷன் பாணியில் காலைத் துளைத்து வெளியே வந்து ஆப்பு வைத்த டெனானைப் பார்த்தால் நம்பிவிடாதீர்கள். வெளியே வெறும் மரமூடி ஒட்டி வைப்பதும் உண்டு. மெய்யான டெனானின் முகத்தில் நார் முனை, வளையக் கோடுகளோடு தெரியும். பக்கத்து நார் தெரிந்தால் அது மூடி.

குவார்ட்டர்சான்:
மெய்யாகச் செய்பவர்களுக்கு: ஆப்புத்துளையின் உள்விளிம்பு காலின் முகத்துக்குச் சற்று உள்ளே, அரை நூலாவது மறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு காலை அழுத்தி இழுக்கும். விளிம்பு காலின் முகத்தோடு சமமாக நின்றால் ஆப்பு தன் துளையிலேயே முட்டி நின்றுவிடும், இணைப்பு தளர்ந்தே இருக்கும். துளைக்கு வெளியே டெனானில் ஒன்றேகால் அங்குலமாவது மரம் மிஞ்சட்டும். குறைந்தால் ஆப்பு அடிக்கும்போது அந்தத் துண்டு நாரோடு பெயர்ந்து போகும்.

சேலம் தேக்கு:
அங்கே செய்த ஓக் அலமாரியைக் கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்தால் என்னாகும்?

குவார்ட்டர்சான்:
7 சதவீதத்தில் கூட்டியது, ஏசி இல்லாத சென்னை வீட்டில் 13 சதவீதத்துக்கு ஏறும். 8 அங்குல உயர டிராயர் பக்கம் சாதா அறுப்பு ரெட் ஓக்கானால் 8 × 0.00369 × 6 = 0.18 அங்குலம், நாலரை மி.மீ. உயரும். அங்கே ஒரு நூல் இடைவெளி விட்டிருப்பார்கள், அதாவது 3 மி.மீ. எனவே டிராயர் சிக்கும். 42 அங்குல மேசை 0.93 அங்குலம் விரியும், மேலே சொன்ன நீள்துளை போதாது. தேக்கின் கணக்கு 0.00186, ஓக்கில் பாதி. தேக்குக்குப் பழகிய கை ஓக்கில் தவறுவது இதனால்தான்.

டிராயர் ராணி:
சிக்கியதும் இழைப்புளியைத் தூக்க வேண்டாம். ஓடும் இடங்களில் மெழுகு தேய்த்து ஒரு வருடம் பாருங்கள். பிறகும் சிக்கினால் பக்கப்பலகையின் மேல்விளிம்பில் மட்டும் சீவுங்கள். கீழ்விளிம்பில் கை வைத்தால் முகப்பு கீழே இறங்கிக் கோடு மாறிவிடும்.

மரநார்:
முடிவாக: குவார்ட்டர் சான் ஒயிட் ஓக், 3 அங்குலக் கால், ஒன்றரை அங்குல டெனான், இழுதுளை முளை இரண்டு, ஐந்து டெனான் முனைக்கட்டை. ஒயிட் ஓக்குக்கும் 0.00158 போட்டுக்கொள்ளலாமா?

குவார்ட்டர்சான்:
இல்லை, ஒயிட் ஓக் குவார்ட்டர் சானுக்கு 0.00180. 42 அங்குலம், 4 சதவீதம்: 0.30 அங்குலம். கடைசி டெனானுக்கு 0.13, நீள்துளை மூன்றரை நூல் எடுங்கள், கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். முனைக்கட்டையைப் பலகையோடு சரிசமமாக வெட்டினாலும் வருடத்தில் இரண்டு பருவம் ஒரு நூல் முன்பின்னாக நிற்கும். அதை மணல்தாளால் தேய்த்துச் சமமாக்கப் போகாதீர்கள்.